ஒதுக்கீடு என்றதும் வீடு என்று நினைத்தோம்

பால்வாடியில் சாயங்காலம் நாலரை மணி. பிள்ளைகள் போன பிறகு பாயை விரித்து இருபது பேர் போல உட்கார்ந்திருந்தோம். டிபி தடுப்பு மாத்திரை பற்றிய ஆய்வுக்குழுவில் இருந்து வந்த பெண் ஒப்புதல் படிவத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களில் ஒன்றுக்கு ஒதுக்கீடு செய்யப்படுவார்கள்" என்ற வரிக்கு வந்தபோது பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது: "எங்க ஒதுக்குறாங்க? பெரும்பாக்கமா?"

அவ்வளவுதான். வடசென்னைக் கடலோரக் குப்பத்தில் ஒதுக்கீடு என்றால் ஒரே அர்த்தம். இருக்கிற வீட்டை இடித்துவிட்டு ஊரின் அந்தக் கோடியில் அடுக்குமாடியில் ஒரு வீடு தருவார்கள். கடலும் போகும், பிழைப்பும் போகும். ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். படித்த பெண் பாவம், என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தப் படிவம் லேசுப்பட்டதல்ல. ஆங்கிலத்தில் எழுதி, தமிழாக்கி, அந்தத் தமிழை வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டும் பொருந்துகிறது என்று சான்றிதழ் வாங்கி, ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் முத்திரையோடு வந்தது. இந்தச் சோதனையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அது பழைய ஆங்கிலத்துக்கே திரும்பிப் போகும், சான்றிதழும் சுலபமாகக் கிடைக்கும். நாலு பேர் பேசுகிற தமிழில் எழுதினால் திரும்பி வரும்போது வார்த்தை மாறும், கேள்வி வரும், தாமதமாகும். படிவங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று பல வருடம் யோசித்து நான் கண்டுபிடித்த காரணம் இது.

நான் தையல்காரி. 2009-ல் எனக்கு டிபி வந்தது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சரியானது. அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, புதிதாக மாத்திரை தொடங்கியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். சிறுநீர் சிவப்பாகப் போகிறதே என்று பயந்து நிற்கிறவரிடம், "எனக்கும் போச்சு, மாத்திரையோட சாயம்தான்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், இல்லையா? அந்த வேலை. கொரோனாவுக்கு ஒரு வருடம் முன்பு ஒரு ஆய்வுக்கு 'சமூக ஆலோசனைக் குழு' அமைக்கிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நல்லவர்கள்தான். பின்னால் நிறைய மாறினார்கள்.

ஆய்வு இதுதான்: டிபி வந்தவரின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு நோய் வராமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை. ஒரு தரப்புக்கு ஆறு மாதம் தினமும். இன்னொரு தரப்புக்கு வாரம் ஒரு தடவை, 12 வாரம். அப்போது பெரியவர்களுக்கு இப்படிக் கொடுப்பது வழக்கத்தில் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும்தான். வீட்டில் உள்ள எல்லோருக்கும் என்று அரசு வழிகாட்டுதல் 2021-ல்தான் வந்தது.

முதல் கூட்டம் ஏசி அறையில், புதன்கிழமை காலை 11 மணிக்கு. மீன் விற்கிறவளுக்கு அதுதான் வியாபார நேரம். வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள், பையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே திரையில் ஆங்கிலத்தில் படம் ஓடியது, நடுநடுவே "புரியுதாம்மா?" என்றார்கள். புரிகிறது என்று தலையாட்டினோம். சமோசா வந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. வீட்டுக்கு வரும்போது பேருந்தில் யோசித்தேன், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் 'சமூகத்தின் கருத்து பெறப்பட்டது' என்று எங்கோ எழுதியிருப்பார்கள். எழுதித்தான் இருந்தார்கள், பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

பெரும்பாக்கம் கலவரத்துக்குப் பிறகுதான் ஆய்வுக்குழுவின் இளைய டாக்டர் ஒருவர் தனியாக எங்கள் தெருவுக்கு வந்தார். தையல் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அக்கா, வேற எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டார். யாராவது என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாங்கள் படிவத்தை வரிவரியாக எடுத்துக்கொண்டோம். ஒரு ஒழுங்கு வைத்தோம்: ஒருத்தி படிப்பாள், மற்றவள் கேட்டுவிட்டுப் படிவத்தைப் பார்க்காமல் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரியெல்லாம் வெட்டு. "தாங்கள் பங்கேற்பது முற்றிலும் தன்னிச்சையானது" என்ற வரி முதல் நாளே அடிபட்டது. எங்கள் பக்கம் 'தன்னிச்சையா திரியுறா' என்றால் திட்டு. "சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். சேரவில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கிடைக்கிற வைத்தியம் அப்படியே கிடைக்கும்" என்று மாற்றினோம். இரண்டாவது வாக்கியத்தைத்தான் எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள். "நெசமாவா? வேணாம்னா டாக்டர் கோச்சிக்க மாட்டாரா?" படிவத்தில் இருந்த அந்த உரிமையை அதுவரை யாரும் நம்பவே இல்லை.

ஒதுக்கீட்டுக்கு என்ன செய்வது? முதலில் குலுக்கல் சீட்டு என்றேன். எல்லோருக்கும் சீட்டுப் பிடித்துப் பழக்கம், யாரும் கை வைக்காமல் பெயர் விழும் என்பது தெரியும். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். இரண்டு நாளில் தெருவில் பேச்சு: மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி யாருக்கோ பணம் தருகிறார்களாம். சீட்டு என்றால் விழுந்தவருக்கு லாபம் என்றுதானே அர்த்தம்! கடைசியில் 'பூவா தலையா' என்று முடிவுசெய்தோம். பூ விழுந்தால் தினமும், தலை விழுந்தால் வாரம் ஒரு முறை. எது நல்லது என்று டாக்டருக்கே தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வேலை. அந்தக் கடைசி வரியைச் சொல்ல டாக்டர்கள் கொஞ்சம் தயங்கினார்கள், தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடுமோ என்று. போகவில்லை. "அப்படித் தெரியாதுன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்" என்று ஒரு தாத்தா கையெழுத்துப் போட்டார்.

ரத்தத்துக்கு வருவோம். டிபி கிருமி உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கிற ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதற்கு நாலு குழாயில் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிதான். ஆனால் பார்க்கிறவளுக்குத் தெரிவது நாலு குழாய். "நாலு குழாய் ரத்தத்த எடுத்துட்டு பத்து ரூபா பிஸ்கட் தராங்க" என்று பேச்சு கிளம்பியது. விற்கிறார்கள் என்ற வதந்தி அதற்குப் பின்னாலேயே வந்தது. விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒருநாள் நான் காலிக் குழாய் நாலு கேட்டு வாங்கி, குங்குமம் கரைத்த தண்ணீரை ஒவ்வொன்றிலும் கோடு வரை ஊற்றினேன். குழாயடியில் தண்ணீருக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, நாலையும் ஒவ்வொன்றாக டானிக் குடிக்கிற டீஸ்பூனில் கவிழ்த்தேன். ஸ்பூன் நிறையவில்லை. ஐந்து மில்லி ஸ்பூன் அது. "இத்தினியூண்டா?" என்றாள் ஒருத்தி. அந்த ஸ்பூன் பிறகு ஆய்வுக்குழுவின் பையில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது.

மீன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை வந்தது அன்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு ஆயா. அறுபது வயதிருக்கும், கூடையில் மீன் விற்கிறவர். பேரனுக்கு டிபி, அதனால் ஆயாவுக்குத் தடுப்பு மாத்திரை. பூவா தலையாவில் தினமும் சாப்பிடுகிற பக்கம் விழுந்திருந்தார். மூன்றாவது வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போன களப்பணியாளர் கையில் இருந்த பக்கவிளைவுப் பட்டியலில் வாந்தி, மஞ்சள் காமாலை, கைகால் மரத்துப்போவது, தோல் தடிப்பு என்று கட்டங்கள். ஆயா "மூஞ்சி செவந்துச்சு" என்றார், பையன் தோல் தடிப்பு என்று டிக் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கணக்கு முடிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆயாவே வந்தார். கூட்டம் அதற்குள் பால்வாடிக்கு, சாயங்கால நேரத்துக்கு மாறியிருந்ததால்தான் வர முடிந்தது. பெரிய டாக்டரும் அன்று இருந்தார். ஆயா எழுந்து நின்று சொன்னார்: "சாயங்காலம் கூடையில மிஞ்சின சூரைய வறுத்துத் துன்னேன் சார். கொஞ்ச நேரத்துல மூஞ்சி, கழுத்து எல்லாம் நெருப்பாட்டம் செவந்துபோச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை பொளக்குது. நாப்பது வருசமா சூரை துன்றேன், ஒண்ணும் ஆவல. மறுநாள் மாத்திர மட்டும் போட்டேன், ஒண்ணும் ஆவல. எனக்கு மாத்திரையும் ஒத்துக்குது, சூரையும் ஒத்துக்குது. ரெண்டும் சேந்தாத்தான் ஒத்துக்கல."

பெரிய டாக்டர் அலர்ஜியாக இருக்கும் என்றார். ஆயா உட்காரவில்லை. "சூரைதான் சார். வஞ்சிரம் துன்னப்ப வரல." அப்போது இன்னொரு அக்கா, "எனக்குக் கானாங்கத்தையில வந்துச்சு" என்றாள். ஓரத்தில் இருந்து மூன்றாவது ஒருத்தி. இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இளைய டாக்டர் ஒரு தாளோடு வந்தார். முகத்தில் பாதி வெட்கம், பாதி சந்தோஷம். ஆயா சாப்பிட்ட ஐசோநயசிட் மாத்திரை, முகத்தைச் சிவக்கவைக்கிற ஹிஸ்டமின் என்ற பொருளை உடம்பில் உடைக்கிற நொதியைத் தடுக்கும். சூரை, கானாங்கத்தை மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் அதே ஹிஸ்டமின் ஏறிக்கொண்டே போகும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது. இலங்கையில் டிபி நோயாளிகளுக்குச் சூரை சாப்பிட்ட பிறகு இதே மாதிரி வந்ததை 1970-களிலேயே டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயா சொன்னது ஒவ்வொன்றும் அதில் இருந்தது: சிவப்பு, படபடப்பு, தலைவலி. மருத்துவம் அறிந்ததுதான். இந்த ஆய்வின் படிவத்தை எழுதியவர்களுக்கு, மாத்திரையைச் சாப்பிடப்போகிறவர்கள் விற்காத மீனை ராத்திரி வீட்டுக்கு எடுத்துவருகிறவர்கள் என்பது தெரியாது. நாள் முழுக்கக் கூடையில் வெயில் பார்த்த மீன். நல்ல மீன் வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

'மீன் சாப்பிட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார்கள். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். எங்களிடம் மீன் வேண்டாம் என்றால் மாத்திரை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். பேசிப் பேசிக் கடைசியில் இப்படி வந்தது: சூரை, கானாங்கத்தை மட்டும் மாத்திரைக் காலத்தில் தள்ளி வையுங்கள், வாரம் ஒரு தடவைக்காரர்கள் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு நாளாவது. மற்ற மீன் ஐஸில் இருந்ததாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். முகம் சிவந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். பக்கவிளைவுப் படிவத்தில் 'அன்று என்ன மீன்?' என்று ஒரு கேள்வி ஏறியது.

ஏறுவதற்கு ஆறு வாரம் ஆனது. ஆய்வு தொடங்கிய பிறகு படிவத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் நெறிமுறைக் குழுவுக்குத் திரும்பப் போக வேண்டும், அவர்கள் கூட வேண்டும், முத்திரை வேண்டும். அந்த ஆறு வாரத்தில் எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் மாத்திரையை விட்டார்கள். படிவம் எழுதுகிறபோதே பால்வாடியில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்திருக்கும். அன்றிலிருந்து யார் என்னை எந்த ஆய்வுக்குக் கூப்பிட்டாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "அச்சடிச்சாச்சா, இன்னும் இல்லையா?"

நேரம், காசு பற்றியும் சொல்ல வேண்டும்.

டிபி கிருமி இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்க்கிற மாண்டூ பரிசோதனைக்கு 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து வீக்கத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது, விரலுக்குத் தட்டுப்படுகிற தடிப்பைத்தான். ஜூலையில் வந்தார்கள். லாஞ்சில் போகிற ஆண்கள் கடலில். ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் கிளம்பினவர் வாரம் கழித்து வருவார், தடிப்பு எங்கே இருக்கும்? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில், அப்போது வாருங்கள் என்றோம். அடுத்த வருடத் திட்டத்தை அப்படி மாற்றினார்கள்.

ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது, எங்கள் யோசனைதான் என்பதால் நானே ஒப்புக்கொள்கிறேன். தடைக்காலத்தில் வீட்டில் காசு இருக்காது. ஒரு நாள் கூலிக்கு ஈடு என்று 300 ரூபாய் தருகிறார்கள் என்றால், வேண்டாம் என்று நினைப்பவரும் கையெழுத்துப் போடுவார். விருப்பம் என்ற வார்த்தைக்கு அப்போது என்ன அர்த்தம்? குழுவில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ஒரு அக்கா சொன்ன வழிதான்: விவரம் கேட்க வந்து உட்கார்ந்ததற்கே அந்தப் பணம். கேட்டுவிட்டுச் சேர்ந்தாலும் சரி, சேராமல் எழுந்து போனாலும் சரி. சிலர் வாங்கிக்கொண்டு போகத்தான் செய்தார்கள். போகட்டுமே.

பயணப்படிக்குப் பேருந்து டிக்கெட் கொண்டுவாருங்கள் என்றார்கள். நாங்கள் வருவது ஷேர் ஆட்டோவில், அதில் ஏது டிக்கெட்? ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று கணக்குப் பிரிவைச் சம்மதிக்க வைக்க மாதக்கணக்கில் ஆனது. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்த பிறகு, இனிப் பெண்களுக்குப் பயணப்படி தேவையா என்று ஒரு கேள்வி வேறு வந்தது. பஸ் இலவசம், இங்கே வந்ததால் ஏலத்தில் எடுக்காமல் தவறவிட்ட மீனும் இலவசமா என்று கேட்டேன். ஆலோசனைக் குழுவுக்கும் இதே கதை. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சம்பளத்தில், இந்தப் பக்கம் சமோசாவில். தைத்துக் கொடுக்காத இரண்டு ரவிக்கைக்கான கூலியாவது வேண்டும் என்று கேட்க எனக்கு ஒன்றரை வருடம் கூச்சமாக இருந்தது. கேட்டேன், கொடுத்தார்கள். அவர்களுக்கு அதுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு தப்பு, இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆய்வுக்குழு முதலில் ஊர் நிர்வாகிகளைப் பார்த்துச் சால்வை போட்டது. அது மரியாதை, செய்யத்தான் வேண்டும். ஆனால் நிர்வாகிகள் சரி என்றதும் ஊரே சரி என்றதாக எடுத்துக்கொண்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே, தலைவரின் அனுமதி தனி ஆளின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்கிறது. நிர்வாகிகள் எல்லோரும் ஆண்கள், டிபி இருந்தால் வெளியில் சொல்லாத வீட்டுப் பெண்கள் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. காசநோய் என்று பெரிதாக எழுதிய ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டாம். அடுத்த வாரத்தில் இருந்து ஜீப் மெயின் ரோட்டிலேயே நின்றது, பணியாளர்கள் பையை மாட்டிக்கொண்டு நடந்து வந்தார்கள்.

எங்கள் பங்கு இது: ஆலோசனைக் குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர், எட்டுப் பேர் சுயஉதவிக் குழுவில் இருந்து. பேசத் தெரிந்தவர்கள், கூட்டத்துக்குப் பழகியவர்கள். வெளியூரில் இருந்து வந்து லாஞ்சிலேயே படுத்துத் தூங்குகிற ஆண்கள், குடிக்கிறவர்கள்: மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேர் இவர்கள்தான். அவர்களில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. ஒரு டாக்டர் என்னிடம் "சமூகம் என்ன சொல்லுது?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் தெருவின் இந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக்குத் துறைமுகத்து டீக்கடையில் விடிகாலை மூன்று மணிக்கு யாராவது போய் உட்கார வேண்டும். இரண்டு பேர் போனார்கள், கொஞ்ச நாள்.

குழுவில் முதலில் வந்த கேள்வியை விட்டுவிட்டேன். "மாத்திர தர்றீங்க, வயித்துல என்ன இருக்குன்னு ஏன் கேக்கல?" அன்று அதற்குப் பதில், அது இந்த ஆய்வின் நோக்கத்தில் இல்லை. சரி, எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் கேட்க முடியாதுதான். 2023-ல் ஜார்க்கண்டில் செய்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. டிபி வந்தவர்களின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. செய்தியைப் படித்துக் காட்டியபோது அந்தக் கேள்வியைக் கேட்ட அக்கா, "இத சொல்ல அம்மாந்தூரம் போவணுமா?" என்றாள். போகத்தான் வேண்டும், எண்ணிப் பார்க்காமல் யாரும் அரிசி தர மாட்டார்கள் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

முடிவைத் திரும்ப வந்து சொல்லுங்கள் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு என் மாமியார் காரணம். அவர் திருவள்ளூர் பக்கம். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசியைச் சோதிக்கப் பெரிய ஆய்வு தொடங்கியது, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிள்ளைகளுக்கு வருகிற மோசமான டிபிக்கு அது உதவும் என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். இதை நான் எங்கோ கேட்டு வந்து சொன்னபோது மாமியார் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜீப்பில் வந்தவர்கள், வரிசையில் நின்றது, எல்லாம் நினைவிருக்கிறது. கையில் தழும்பும் இருக்கிறது. அது பிசிஜியா, அம்மை ஊசியா, தெரியாது. "அது எதுக்குப் போட்டாங்கன்னு இப்பத்தான் நீ சொல்ற" என்றார்.

அதே மாதிரி 1956-ல் மெட்ராஸில் நடந்ததும் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் டிபி என்றால் சானட்டோரியத்துக்கு அனுப்ப வேண்டும், தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்னும் அந்தப் பெயர்தான். 193 நோயாளிகளில் பாதிப் பேரைச் சானட்டோரியத்தில் வைத்தும் பாதிப் பேருக்கு அவரவர் நெருக்கடி வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் ஒரு வருடம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் அதை எழுதினார்கள், உலகம் சானட்டோரியங்களை மூட ஆரம்பித்தது. எங்களைப் போன்ற வீடுகளில் இருந்து கிடைத்த பதில் அது. நான் 2009-ல் என் வீட்டுப் பாயில் படுத்து மாத்திரை சாப்பிட முடிந்ததே அதனால்தான். அந்த 193 பேருடைய பேரப்பிள்ளைகள் யாராவது எங்கள் பக்கமே இருக்கலாம்.

எங்கள் ஆய்வின் முடிவைச் சொல்ல, கொரோனா எல்லாம் ஓய்ந்து, வந்தார்கள். வரைபடம் போட்ட போஸ்டரைச் சுருட்டி ஓரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு பால்வாடி வாசலில் கோலமாவில் புள்ளி வைத்தோம், மாத்திரையை முழுசாக முடித்தவர்களுக்கு வெள்ளை, விட்டவர்களுக்குக் காவி. எங்கள் தெருவுக்கு மட்டும் எவ்வளவு என்று சிலர் கேட்டார்கள். சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று நான்தான் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது வீட்டில் எண்ணைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. கூட்டத்தில் ஆயாவும் இருந்தார். மீன் கேள்வி அவரால் வந்தது என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆயா, "அதுக்கு இன்னா இப்போ" என்று முந்தானையை இழுத்துக்கொண்டார்.

இப்போது நான் ஒரு நெறிமுறைக் குழுவில் பொது உறுப்பினர். டாக்டர், வக்கீல், சமூகவியல் ஆள் எல்லோரும் இருப்பார்கள், மருத்துவம் படிக்காத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்கு முந்தின ராத்திரி தமிழ்ப் படிவங்களை மட்டும் எடுத்து எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, ஆளும் இடமும் மறைத்து, நாலு வரி வாசித்துக் காட்டுகிறேன். அவள் கொட்டாவி விடுகிற இடத்தில் பென்சிலால் கோடு.

போன மாதம் அந்த இளைய டாக்டர், இப்போது அவ்வளவு இளையவர் இல்லை, புதிதாக ஒரு பெண் டாக்டரைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு டிபி வருவது பற்றி ஏதோ. அந்தப் பெண் பையில் இருந்து தாள்களை எடுத்தாள், கையால் எழுதி அடித்துத் திருத்தியது, கடைசிப் பக்கம் காலி. ஆயா மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கித் தாளைப் பார்த்தார்.

"இன்னும் அச்சடிக்கலையா? சரி, குந்து."